கொழும்புச் சம்பலும் மூன்றாவது கேள்வியும்

வெளியூரில் எதையும் வாயில் வைக்கும் முன், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பரிமாறுபவரிடம் கேட்டுவிட வேண்டும். இது எங்கள் வீட்டு விதி. இயற்றியவர் அப்பா. அவர் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்தே மீன், கறி கிடையாது. சாத்தூர் வரை போய் வருவதற்குள்கூட ஏதாவது ஓர் ஓட்டலில் சாம்பாரை விசாரணைக்கு உட்படுத்திவிடுவார். விதிக்கு விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பதினோரு வயது. மிளகாய் வற்றல் வியாபாரியான அப்பா எங்களைக் கொழும்புக்கு அழைத்துப் போனார். அவரிடம் சரக்கு எடுக்கும் ஒருவர் வீட்டில் காலைச் சாப்பாடு. இடியாப்பத்துக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு துவையல்; பெயர் சம்பலாம். தேங்காய்ப்பூவுக்கு நடுவே பழுப்பாக ஏதோ தூள். அப்பா விதிப்படி கேட்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் வீட்டுக்காரர், "எல்லாம் உங்கட மிளகாய்தான் ஐயா" என்றார்.

தன் சரக்கைத் தானே சந்தேகிக்கும் வியாபாரி எங்கள் விருதுநகரில் இன்னும் பிறக்கவில்லை. அப்பா நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் வற்றலின் நிறத்தைப் பாராட்டினார்.

அம்மா முதல் வாயிலேயே சற்று நிறுத்தினார். அவர் பிறந்தது கடலோர ஊர். மீனைக் கல்யாணத்தோடு விட்டவர். வீட்டுக்கார அம்மாள், "இன்னும் கொஞ்சம் போடட்டோ அக்கா?" என்றதும், தட்டை நீட்டினார்.

ஊர் திரும்பியபின் அம்மா இடித்த சம்பல் எதுவும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த ருசி வரலியே. எதை விட்டுட்ட?"

"அது அவுக கைப்பக்குவம். எனக்கு வந்தது அம்புட்டுத்தான்."

கடைசியில், கொழும்புக்கு எழுதிக் கேட்கும்படி எனக்கு உத்தரவானது. தேங்காய் எவ்வளவு, மிளகாய் எத்தனை, பழுப்புத் தூள் என்ன என்று எண் போட்டு எழுதினேன். எட்டிப் பார்த்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"ஏலே, மூணாவதை அடிச்சிரு. கேட்டா ரெண்டு வீட்டுப் பழக்கமும் போயிரும், யாவாரமும் போயிரும்."

தொழில் ரகசியம் போலும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் குறையுள்ள விண்ணப்பத்துக்கு நிறைவான பதில் வராது என்பது அப்போதே என் கொள்கை. அடிக்காமல் தபாலில் சேர்த்தேன்.

மாதங்கள் கழித்துப் பதில் கடைக்கு வந்தது. அப்பா அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே படித்துக் காட்டினார்.

"தேங்காய் ஒரு மூடி. வத்தல் பத்து. வேற ஒன்னும் கிடையாதாம்."

"அதான பாத்தேன்" என்ற அம்மாவின் முகம் தெளிந்தது.

"மூணாவது கேள்விக்குப் பதிலே இல்லையே. நினைவூட்டல் ஒன்னு எழுதட்டாப்பா?"

"வேண்டாம்லே" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

உப்பு, புளி முதல் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் எப்படி ஒன்றானார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கொழும்புக்கு வற்றல் லோடு வழக்கம்போல் போனது. வீட்டில் சம்பல் பேச்சு மட்டும் நின்றது.

அப்பாவின் காலத்துக்குப் பின் அவருடைய பெட்டியில் அந்தக் கடிதம் கிடைத்தது. மூன்றாவது பதிலும் முறைப்படி இருந்தது: மாசிக் கருவாடு, இடித்தது, இரண்டு கரண்டி. எந்தத் தபாலிலும் செய்வதுபோல் இதன் ஓரத்திலும் வந்த நாளை அப்பா குறித்திருந்தார்: ஆடிக் கிருத்திகை, விரதம்.