மலைக்குள் கிடந்த கடல்

எங்கள் தெருவில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை, படகில் இருந்து அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலியே கையில் இருக்கும்போது எவனும் கண் அசர மாட்டான் என்ற நம்பிக்கை. என் அப்பாவுக்கு மாமா பிடித்தார். மாமா மற்ற வேலைகளில் மகா சோம்பேறி. டீ குடிக்கப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். கயிறு கையில் இருந்தால் மட்டும் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்ட மாட்டார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். வடக்கேயிருந்து ஒரு நிலவியல் அதிகாரி எங்கள் ஊருக்கு ஆள் தேடி வந்தார். அங்கே ஒரு மலையில் பழைய செம்புச் சுரங்கம் தண்ணீர் நிறைந்து கிடந்ததாம். எந்தக் காலத்து மனிதர்கள் தோண்டியதோ, யாருக்கும் தெரியாது. தண்ணீரை இறைப்பதற்கு முன் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நுழைய முடியாத பொந்து. வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிற எங்கள் ஊர்க்காரர்கள்தான் லாயக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் மாமாவும் ரயில் ஏறினார்கள்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்கள். மாமா சாமான்களை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். எனக்கு ஒரு வளையல்கூட வாங்கி வரவில்லை என்பதில் அவர்மேல் எனக்குக் கோபம்.

"மலைக்குள்ள கடல் கிடக்குளா," என்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

அந்த மலையே ஒரு காலத்தில் கடலுக்கடியில் படிந்த மணல்தானாம். பூமியின் பாரத்திலும் சூட்டிலும் இறுகிக் கல்லாகி மேலே எழும்பியிருக்கிறது. பிறகு அதன் வெடிப்புகளில் செம்பு ஊறி உறைந்திருக்கிறது. இதெல்லாம் அதிகாரி சொன்னது. பழைய மனிதர்கள் பாறையோரம் விறகடுக்கித் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீரை ஊற்றி, வெடித்த கல்லைப் பெயர்த்துப் பெயர்த்தே உள்ளே போயிருக்கிறார்கள். அதனால் சுவரெல்லாம் பானையின் உட்புறம்போல வழவழப்பாக இருந்ததாம். குழிகளில் மண் விளக்குகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு மர ஏணியும் இருந்தது. அப்பா தொட்டதும் அது புகையாகக் கலைந்துபோனது.

"ஏணிப் படியெல்லாம் ரொம்ப நெருக்கம். நம்ம பிள்ள கால் எட்டுத அளவுதான் இருக்கும்," என்று சொல்லி அப்பா என் காலைப் பார்த்தார். அம்மா சட்டென்று என் பாவாடையை இழுத்துக் காலை மூடினாள்.

அதன் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு அங்கிட்டு போனா மணலு. நம்ம கடல்ல அலை வரி போட்டுக் கெடக்கும்லா, அதே வரி. நான் சங்கு தடவுத மாதிரி வயித்த ஒட்டிப் படுத்துத் தடவிக்கிட்டே போறேன். என் நெஞ்சுக்குக் கீழ மணல்ல இருந்து வெள்ளி வெள்ளியா ஊறுது. அப்பத்தான் மணலுக்குள்ள இருந்து எவனோ என்னப் பிடிச்சு இழுத்தான்."

"எவன்?" என்றாள் அம்மா. அப்பா கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் தம்ளரிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரை விரலால் தெளிப்பார். அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்த பிறகுதான் காலைத் தரையில் வைப்பார். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. நானும் செய்தேன். அப்பா தம்ளரைப் பிடுங்கினார்.

அந்த வாரமே அம்மா கயிற்றை வெயிலில் உலர்த்தச் சொன்னாள். சுருளைப் பிரித்தேன். இடுப்பில் மாட்டுகிற கண்ணியிலிருந்து ஒரு முழம் தள்ளி, மூன்று புரியில் இரண்டு அறுந்திருந்தன. பாறையில் உரசிய பிசிறு இல்லை. கத்தி போட்ட சுத்தமான வெட்டு. கயிறு பிடித்தவர் மாமா. வளையல் வாங்கி வராதவரும் மாமா. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. "மாமா கயித்த அறுத்திருக்காவ," என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

அம்மா ஆள் அனுப்பினாள். மாமா வந்து கதவருகில் நின்றார். அம்மா கயிற்றை அவர் காலடியில் போட்டாள்.

"இது யாரு வெட்டுனது?"

மாமா கயிற்றைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"நான்தாக்கா. கயிறு உள்ள சிக்கிக்கிட்டு. என்னையும் சேத்து இழுத்துருமோன்னு பயந்துட்டேன்."

அம்மா கத்தவில்லை. "இனி இந்தப் படி ஏறாத," என்றாள், அவ்வளவுதான். மாமா போகும்போது என் தலையைத் தடவக் கையை நீட்டினார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் தெருவில் எவரும் மாமாவிடம் கயிறு கொடுக்கவில்லை. அவர் ஆலந்தலைக்குப் போய் யாரோ ஒருவர் படகில் வலை இழுத்தார். அப்பாவும் முங்குவதை விட்டுவிட்டு உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மச்சானே இப்படிச் செய்தால் மனுஷன் யாரை நம்பி இறங்குவான் என்று ஊரே அவருக்காக வருத்தப்பட்டது.

கல்லூரியில் நான் நிலவியல் எடுத்தேன். ஒரு நாள் வகுப்பில் அலை வரி பதிந்த கல் ஒன்று கைக்குக் கை வந்தது. பழைய பாறை புரண்டு கிடந்தால் எது மேல், எது கீழ் என்று இந்த வரியை வைத்துத்தான் சொல்வோம் என்றார் பேராசிரியர். கல்லைத் தலைக்கு மேல் தூக்கி, கீழிருந்து பார்த்தேன். தலைக்கு மேல் இருந்தாலும் அது மணல் தரை மாதிரியே தெரிந்தது. அப்பா தடவிக்கொண்டு போனது தரை அல்ல, சுரங்கத்தின் கூரை. கூரையில் பதிந்திருந்த பழைய கடலடியை, அந்த இருட்டில், எங்கள் கடலின் தரை என்று நம்பி அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தலைகீழாகப் போயிருக்கிறார். நெஞ்சுக்கடியில் ஊறிய வெள்ளி அவர் விட்ட மூச்சுதான். மாமா மேலே இழுத்தது, அவருக்கு மணலுக்குள் இழுப்பதாகத் தெரிந்திருக்கிறது. சங்கு நெம்புகிற கத்தி எப்போதும் அப்பாவின் இடுப்பில்தான் இருக்கும். கண்ணிக்கு ஒரு முழத்தில் அவர் கைதான் எட்டும். மூன்றாவது புரியையும் வெட்டுவதற்குள் மாமா அவரை வெளியே இழுத்திருக்கிறார். கடலுக்குள் திசை தப்பிய ஆளை அப்புறம் எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். அதனால்தான் மாமா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் குனிந்த தலை நிமிராமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மாமாவை மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.