மணி அடிக்காத நான்கு நாட்கள்

சின்ன வயதிலிருந்தே எனக்குச் சந்தேகப் புத்தி. சாயாவில் சர்க்கரை போட்டிருக்கிறேன் என்று அம்மா சொன்னால்கூடக் குடித்துப் பார்த்துத்தான் நம்புவேன். அந்தப் புத்தியால் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான திருட்டுத்தனம், எங்கள் அத்தையுடையது.

அப்பாவின் தங்கையான அத்தை கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களோடு இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. யார் வீட்டுப் போன் செத்துப்போனாலும் கம்ப்யூட்டரில் அந்த நம்பரை அடித்து லைனைச் சோதிப்பாள். பழுது கேபிளிலா, போனிலா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன தென்காசிக்காரர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். அத்தை வேண்டாம் என்றாள். எந்தப் பெண்ணும் முதலில் அப்படித்தான் சொல்லுவாள் என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

முடிவை அவர்கள் போனில் சொல்வதாகப் பேச்சு. நான்கு நாட்களாக மணி அடிக்கவில்லை. பெண் வீட்டார் முந்திக்கொண்டு கூப்பிட்டால் மானம் என்னாவது என்று அப்பா கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

"மழையல்லவா அண்ணா, கேபிள்ல தண்ணி கேறியிருக்கும்" என்றாள் அத்தை.

எனக்கு உறுத்தியது. தண்ணீர் ஏறிய லைன் கரகரக்கும் என்று முன்பு சொன்னதே அவள்தான். எங்கள் போனிலோ டயல் டோன் சுத்தமாகக் கேட்டது. பள்ளி விட்டதும் கொச்சங்காடி பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் என்கேஜ்டு. வீட்டுக்கு ஓடினேன். போனை யாரும் தொடவேயில்லை என்றாள் அம்மா. திரும்ப ஓடிப்போய்ப் பூத் சேட்டனிடம் சொன்னேன்.

"அது கேபிள் அல்ல மோளே. இன்கமிங்கை எக்ஸ்சேஞ்சுல ஆரோ பூட்டி வெச்சிருக்கு. வெளியாளுக்கு அது முடியாது."

சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். அத்தை கப்பைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கே திறந்து விட்டிரு" என்று மட்டும் சொன்னார் அப்பா.

மறுநாள் மணி அடித்தது. சம்மதமாம். லைன் கிடைக்காததால் வேறு இடம் பார்க்கலாமா என்றே யோசித்துவிட்டார்களாம். என் மகளுக்குப் போலீஸ் மூளை என்று அப்பா தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து புறப்பட்ட அன்று அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். "நான் உனக்கு என்னடி செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"பொய் சொன்னீங்களே அத்தை" என்றேன், பெருமையாக.

அவள் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். எங்கள் வீட்டில் யாரும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை; கேட்டது எக்ஸ்சேஞ்சிலிருந்த அந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.