சிவப்புப் பூவும் வியாழக்கிழமையும்

திங்கட்கிழமை சாயங்காலம், ராஜபாளையம். அப்பாவின் சர்க்கரைப் புண்ணைப் பார்த்த டாக்டர், "வியாழக்கிழமைக்குள்ள ரெண்டு விரலை எடுத்திரணும். தள்ளிப்போட்டா பாதமே போயிரும்" என்றார்.

"வெட்டுததுக்குத்தான் படிச்சிருக்கானுவ!" என்று பெரியப்பா வெளியே வந்து கத்தினார். "சங்கரன்கோவில் புத்து மண்ணைக் குழைச்சுப் போடுலே. நாப்பத்தெட்டு நாள்ல ஆறிரும்."

அப்பா இருவரையும் கேட்கவில்லை. "சங்கரன்கோவில் கோமதியம்மன் உத்தரவு குடுத்தா கையெழுத்துப் போடுதேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டென்று எனக்கு அந்த யோசனை வந்தது. சன்னிதியில் பூப்போட்டுப் பார்த்துவிட்டால்? வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் மண். எம்.எஸ்ஸி. படித்த எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

செவ்வாய் காலை 8.10. பஸ்ஸில் கண்டக்டர், "சங்கரன்கோவிலா? முப்பது ரூவா. சில்லறையா குடும்மா. என்ன, பரீட்சையா?" என்றார்.

"அப்பா கால் புண்ணுக்கு வேண்டிக்கப் போறேன்."

"மண்ணு எடுத்துட்டுப் போங்க. எங்க மாமாவுக்குக் கேட்டுச்சு."

பின் இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "மண்ணெல்லாம் எதுக்கு? எருக்கம்பால் விடுங்க."

"நீரு சும்மா இரும் வே! மூட்டு வலிக்கே ரெண்டு வருசமா பாலு விடுதீரு" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. கரிவலம்வந்தநல்லூர் தாண்டுவதற்குள் எனக்கு நாலு வைத்தியம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

9.20, சங்கரன்கோவில். கோபுர வாசலில் காணிக்கைக்கு உப்பும் மிளகும் விற்ற அம்மாளிடம் பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். உள்ளே அம்மன் முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே வைத்து மடித்த இரண்டு காகிதங்களைக் குலுக்கிப் போட்டேன். தரிசனத்துக்கு வந்த ஒரு சிறுமி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். செவ்வரளி.

மண்ணையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உப்பு விற்ற அம்மாள், "என்னட்டி, முகம் வெளுத்திருக்கு?" என்றாள். எல்லாம் சொன்னேன். அவள் மடியில் கிடந்த சேலைத் தலைப்பை விலக்கினாள். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"நானும் மண்ணுதான் வச்சுக் கட்டுனேன். யாரு சொன்னா? அம்மையா சொன்னா? பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. அவ இப்பவும் ரெண்டு காலோட கோயிலச் சுத்துதா. அடுத்தவன் கால்னா யாரும் வைத்தியம் சொல்லலாம்ட்டி."

"அம்மன் மேல கோவம் இல்லையா?"

"அவ மேல எதுக்கு? மண்ண நெத்தியில பூசிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும். நாந்தான் புண்ணுல பூசிட்டு வீட்டுல இருந்தேன்." தினமும் நடை திறந்ததும் அம்மனுக்கு முதல் உப்பை அவள்தான் போடுகிறாளாம். "இந்தக் காலப் படம் பிடிச்சுட்டுப் போயி உங்கப்பாட்ட காட்டுட்டி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையே பதில் வந்துவிட்டது, புண்ணைப் பிரித்துப் பார்த்தவர் வாயிலிருந்து. அதை ஒதுக்கிவிட்டு, பதில் தெரிந்த கேள்வியையே மடித்து அம்மன் காலடியில் போட்டிருக்கிறேன். தெய்வத்தை நம்பினேன் என்று நினைத்தேன். பெரியப்பாவின் வைத்தியத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

11.05, திரும்பும் பஸ். அதே முப்பத்திரண்டு கிலோமீட்டர், காலையைவிட நீளமாக இருக்கிறது. வெள்ளை விழுந்தது என்று சொன்னால் அப்பா உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். அம்மன் பெயரில் பொய் சொல்ல நா எழவில்லை. சிவப்பு என்றே சொல்வேன். பெரியப்பா குதிப்பார். மண்ணை அப்பாவின் நெற்றியில் மட்டும் பூசுவேன். பிறகு, அந்த அம்மாள் தானே எடுக்கச் சொன்ன படத்தைப் போனில் காட்டுவேன். அதன் பிறகு பேனாவை நீட்டிப் பார்க்க வேண்டும்.