ஏழாம் நம்பர் ஜெர்சி

போன வாரம் எங்கள் பழைய பாஸ்கெட்பால் டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அந்தக் குரூப்பில் வழக்கமாக வருவதெல்லாம் பூப்போட்ட காலை வணக்கமும், கேப்பைக் கூழ் குடித்தால் என்னென்ன வியாதி ஓடும் என்ற வைத்தியமும்தான். அதனால் மத்தியானம் வரைக்கும் திறக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திறந்தால், விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் பத்தாவது படிக்கிற ஒரு பெண் தனி ஆளாக அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பெண்கள் ஆட்டத்தில் ஒரே மேட்சில் ஒருத்தி எடுத்த அதிகபட்சப் பாயிண்ட் இனிமேல் அவளுடையதாம். கீழே ஒருத்தி, "நம்ம அமுதா ரெக்கார்டு போச்சுப்பா" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அழுகிற முகங்கள் வரிசையாக.

நான் முதலில் பார்த்தது அந்தப் பெண்ணின் ஆட்டத்தையல்ல, அவள் முதுகை. என்ன நம்பர், ஜெர்சி அவளுக்கு அளவாக இருக்கிறதா, மைக்கில் யார் பேரைச் சொல்கிறார்கள், இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஆட்டத்துக்கு வந்தேன். எந்த மேட்சைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான். ஏனென்றால், உடைந்துபோன அந்த ரெக்கார்டு அமுதாவுடையது இல்லை. என்னுடையது. சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இப்போது பரண்மேல் இருக்கிற டப்பாவை எடுக்கவே ஸ்டூல் கேட்கிறவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நாற்பத்தோரு பாயிண்ட் எடுத்தவள் நான்தான்.

பாஸ்கெட்பால் என்றதும் பலருக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்குப் புது ரப்பர் வாசனைதான். திண்டிவனத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு புதுப் பந்து வரும். அதை உறையிலிருந்து எடுத்ததும் முகத்தோடு வைத்து ஒரு இழு இழுப்பேன். "ஏய், பந்தத் தின்னுடாதடி" என்று அமுதா பிடுங்குவாள். மண் தரைதான் எங்கள் கோர்ட்டு. மழை பெய்தால் சுண்ணாம்புக் கோடு கரைந்துவிடும், அப்புறம் யார் வெளியே போனாள், யார் உள்ளே இருந்தாள் என்று சத்தியம் செய்துதான் ஆட வேண்டும். சத்தியத்துக்கு அப்போது மரியாதை இருந்தது, அமுதா தலையில் கை வைத்தால் நான் பந்தைக் கொடுத்துவிடுவேன்.

நான் ஹாஸ்டல் பெண். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார்கள். அமுதாவின் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் அரிசி மண்டி. மாலையில் அவள் கொண்டுவருகிற டிபன் பாக்ஸில் இரண்டு பேர் கையும் ஒன்றாகத்தான் இறங்கும். அவள் வீட்டு வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை, அது அப்போது எனக்கு வித்தியாசமாகவும் படவில்லை. கிரவுண்டில் அவள் பந்து கொடுப்பாள், நான் போடுவேன். அவள் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமல் கை நீட்டலாம், பந்து வந்து உட்காரும். அப்படி நம்பினேன் அவளை.

எங்கள் ஜெர்சிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. யாரோ பழைய மாணவிகள் வாங்கிக் கொடுத்த செட்டு. முக்கால்வாசி வயது வந்த ஆம்பளைகளுக்குத் தைத்த அளவு. தோள் இரண்டும் முழங்கைக்கு வரும். இருந்ததில் இரண்டோ மூன்றோதான் பெண்பிள்ளை போடுகிற மாதிரி, அதில் ஏழாம் நம்பர் அமுதாவுக்கு. எனக்குப் பன்னிரண்டு. அதைப் போட்டுக்கொண்டு நின்றால் காய வைத்த துணி மாதிரி இருப்பேன். தோளில் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டு ஆடுவோம், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எந்த ரெஃப்ரியும் அதுவரைக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

பைனல் விழுப்புரத்தில். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். அங்கே சிமெண்ட் கோர்ட்டு, வெயிலில் ஷூவைத் தாண்டிச் சுட்டது. பேரும் நம்பரும் எழுதி, ஸ்கோர் குறிக்கிற டேபிளில் கொடுத்தாயிற்று. வார்ம் அப்பில் ஓடும்போது அமுதா கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எங்கள் பி.டி. மிஸ் பாதி டப்பா காலி பண்ணினார். இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது அந்த ஸ்பிரே அடித்திருந்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். அமுதா எழுந்து நின்று பார்த்தாள், முடியவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அழுதாள், நானும் அழுதேன்.

அப்போதுதான் ரெஃப்ரி என் தோளைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது ஊக்கு? யாருக்குனா கிழிச்சிடப் போவுது. எட்த்துட்டு வா, இல்லன்னா வெளிய உக்காரு."

ஊக்கை எடுத்தால் ஜெர்சி நிற்காது. ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எப்படி ஆடுவது? மிஸ்தான் வழி சொன்னார். "ஆடாதவளுக்கு எதுக்குடி நல்ல ஜெர்சி? ரெண்டு பேரும் மாத்திக்கோங்க, ஜல்தி." சுற்றி நின்று நாலு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடித்தார்கள், உள்ளே நானும் அமுதாவும் மாற்றிக்கொண்டோம். அவள் வேர்வை ஈரத்தோடு ஏழாம் நம்பர் என் உடம்பில் ஏறியது. அளவு அவ்வளவு கச்சிதம். "நல்லா போடுடி, எனக்கும் சேத்து போடு" என்றாள்.

"மிஸ், டேபிள்ல நம்பர் மாத்தி சொல்லணுமில்ல?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நான் சொல்லிக்கிறேன், நீ போ" என்றார் மிஸ். சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு என்ன பிடித்திருந்ததோ தெரியாது. கையை விட்டுப் போனதெல்லாம் உள்ளே விழுந்தது. போர்டைப் பார்த்தே போடவில்லை என்று கூடச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் மைக்கில், "ஏழாம் நம்பர் அமுதா! மறுபடியும் அமுதா!" முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அமுதா தன் பேருக்குத் தானே கை தட்டிக்கொண்டிருந்தாள். இன்டர்வெல்லில் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டே, "மிஸ், பேரு தப்பா சொல்றாங்க" என்றேன். "பேரு எங்க ஓடிடப் போவுது, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரியவர்கள் அப்பறம் என்றால் அப்பறம் வரும் என்று நம்புகிற வயது.

ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் அவரவர் ஜெர்சிக்கு மாறிக்கொண்டோம். பரிசு கொடுக்கிற நேரத்தில் மைக்கில் அறிவித்தார்கள், மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் ஆட்டத்தில் இதுவரைக்கும் யாரும் எடுக்காத பாயிண்ட், சிறந்த ஆட்டக்காரி, அமுதா. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் என்னை இழுத்துக் காதோரமாக, "வாயத் தொறக்காத. ஜெர்சி மாத்துனது தெரிஞ்சா ஆள் மாறாட்டம்னு கப்பையே புடுங்கிப்பானுங்க. அத்தினி பேரும் பேஜாராயிடும்" என்றார். அமுதா என்னைப் பார்த்தாள். போ என்று நான் தலையாட்டவில்லை. அவளாகத்தான் எழுந்தாள். நொண்டிக்கொண்டே மேடைக்குப் போனாள். நொண்டுவதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது, காயத்தோடு ஆடியிருக்கிறாள் என்று. யாராவது ஒருத்தர், இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படியம்மா ஓடினாய் என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அவள் முன்னால் மைக்கை நீட்டினார்கள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். "எங்க மிஸ்ஸுக்கும் டீமுக்கும் நன்றி" என்றாள். நானும் கை தட்டினேன். சுற்றி எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்க எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அமுதா என் பக்கத்தில் உட்கார்ந்து, சிறந்த ஆட்டக்காரி என்று கொடுத்த கப்பை என் மடியில் வைத்தாள். "இது உன்னுதுதான்டி. நீயே வச்சிக்கோ." விக்கிரவாண்டி தாண்டியும் என் மடியில்தான் இருந்தது. நானும் அதைத் தடவிக்கொண்டே வந்தேன், சமாதானமாகிவிட்டேன் என்றுகூடச் சொல்வேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா வந்து நின்றிருந்தார். யாரோ ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் அமுதா என் மடியிலிருந்து கப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

மறுநாள் பிரேயரில் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். கொஞ்ச நாளில் கிரவுண்டுச் சுவரில் பெயிண்டால் அவள் பேரும் நாற்பத்தொன்றும் ஏறியது. எனக்குச் சான்றிதழ்கூட இல்லை. டேபிள் கணக்குப்படி பன்னிரண்டாம் நம்பர் அன்றைக்குக் கோர்ட்டில் கால் வைக்கவே இல்லை. மிஸ்ஸிடம் போய் நின்றால், "உன் தெறமைக்கு அடுத்த வருஷம் நீ அதையே ஒடச்சிடுவ" என்பார். அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனார், வந்தவருக்கு வாலிபால்தான் பிடித்தது. அமுதாவோ நான் ஆரம்பிக்கும்போதெல்லாம், "விடுடி, நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமில்ல, அது போதாதா?" என்பாள்.

போதவில்லைதான். அவளுக்கு விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட்டு, அப்புறம் அதே கோட்டாவில் சென்னையில் அரசு வேலை. நான் பன்னிரண்டாவதோடு நின்று, விழுப்புரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனேன். கண்டமங்கலம் வரும்போது பஸ்ஸில் முக்கால்வாசிப் பெண்கள் தூங்கிப்போயிருப்பார்கள். நான் மட்டும் விழித்துக்கொண்டு மனசுக்குள் அமுதாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். என்ன கேள்வி கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது என்று யோசித்து யோசித்து அழகாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் கல்யாணத்துக்குப் போனபோது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "இவ என்கூட டீம்ல இருந்தா" என்று மாப்பிள்ளையிடம் அறிமுகப்படுத்தினாள். நான் சிரித்துவிட்டு மொய் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு என்னோடு ஓடியவர்களில் மூன்று பேர் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். ஒருத்தி துப்பட்டா பிடித்தவள். அவர்களும்தான் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். சரி, அவரவருக்கு ஆயிரம் கவலை, மறந்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தவள் மறக்க முடியாதே.

அன்று சாயங்காலம் அமுதாவே ஃபோன் பண்ணினாள். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம்.

"வீடியோ பாத்தியாடி? எனக்கு மனசே சரியில்ல. எவ்ளோ வருஷமா என் பேர்ல இருந்துச்சு."

இப்போது சொல்வாள், இத்தனை வயதுக்கு அப்புறம் இதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு காலு இப்பிடி வீங்கிக்கினு, அந்தக் கால வச்சிக்கினு எப்பிடி ஆடுனேன்னு இப்ப நெனச்சாலும் ஆச்சரியமா இருக்குதுடி. நீ பெஞ்சுல உக்காந்துக்கினு கத்து கத்துன்னு கத்துன. நீ கத்துனதாலதான் நான் ஆடுனேன். வேற யார்கிட்ட சொல்றது, உனக்குத்தான் தெரியும்."

அமுதா பொய் சொன்னால் கடைசியில் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். சிறுவயதிலிருந்தே அப்படி. காதை ஃபோனில் அழுத்திக்கொண்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சினாள். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதடி" என்றேன்.

ஃபோனை வைத்த பிறகு எழுந்திருக்கவே தோன்றவில்லை. கப்பு அன்றைக்கே போனது. மண் கோர்ட்டு இருந்த இடத்தில் கட்டடம் வந்துவிட்டது, பேர் எழுதிய சுவரையும் அதற்காக இடித்துவிட்டார்கள். ரெக்கார்டு இப்போது யாரோ ஒரு பெண்ணிடம் இருக்கிறது, அவள் பேர் சொல்லித்தான் மைக்கில் கூப்பிட்டார்கள், நன்றாக இருக்கட்டும். இதெல்லாம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கம்பெனி பஸ்ஸில் அத்தனை வருஷம் அமுதாவை நான் திட்டியதெல்லாம், தான் எடுத்துக்கொண்டது யாருடையது என்று அவளுக்காவது தெரியும் என்ற தைரியத்தில்தான். அந்த அமுதா எப்போது போனாள் என்றே தெரியவில்லை. தயார் பண்ணி வைத்த கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, சண்டை போட எதிரே ஆளில்லை.