பதினெட்டுப் பொட்டுகள்

விமலா மெல்பர்னை அடுத்த டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள். சனிக்கிழமை வந்துவிட்டால் அவளே நீதிபதி! மலேசியாவின் ஈப்போவில் பள்ளிக் காலம் முழுவதும் ஹாக்கி ஆடியவள் என்பதால், உள்ளூர் ஹாக்கி கிளப்பின் மகளிர் அணியில் ஒவ்வொருத்திக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதும் நோட்டு அவளிடம்தான் இருந்தது. அந்த நோட்டுக்கு மறுபேச்சே கிடையாது.

அணியின் நட்சத்திரம் தாரிணி, விமலாவின் ஒரே மகள். இந்தப் பருவத்தில் பத்தொன்பது கோல். ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்புக்கும் போகலாம் என்ற நிலை. சிட்னியிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. ஆனால் அவளுக்கோ இங்கேயே, அம்மாவின் கண்முன்னே ஆடத்தான் ஆசை.

புது ஒப்பந்தத் தொகையைக் கமிட்டி உள்ளே பேசிக்கொண்டிருக்க, கிளப் செயலாளர் றெஜினோல்ட் விமலாவின் நோட்டோடு வெளியே வந்தார்.

"அக்கா, கோல் நிறையத்தான். ஆனா உங்கட நோட்டில தாரிணிக்குச் சராசரி ஆறு. கோலே போடாத ஹம்சாவுக்கே ஏழு வருது. ஆறு மார்க்குக்கு இவ்வளவு காசோ எண்டு கமிட்டி கேக்குது."

தாரிணி தலை குனிந்தாள். "இட்ஸ் ஓகே, அங்கிள். நான் சிட்னிக்கே போறேன்."

விமலா பதறி எழுந்தாள்.

"ஐயோ தம்பி, அந்த மார்க் பொய்! ஒவ்வொரு மேட்சுக்கும் மூணு கொறைச்சேன். பெத்தவளே ஒம்போது போட்டா கண்ணு பட்டுடாதா?"

"இப்ப கூட்டிச் சொன்னா தாய்ப்பாசம் எண்டு சிரிப்பினம், அக்கா."

விமலா நோட்டைப் பறித்துப் புரட்டினாள். தாரிணியின் மார்க் இருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் சின்னக் கறுப்புப் பொட்டு. மற்றவர்களுக்கு இல்லை. குழந்தையின் கன்னத்தில் வைப்போமே, அதே திருஷ்டிப் பொட்டு!

"அன்னன்னிக்கே வெச்சது, தம்பி. ஒரு பொட்டுக்கு மூணு மார்க்."

றெஜினோல்ட் எண்ணினார். பதினெட்டு ஆட்டம், பதினெட்டுப் பொட்டு. சிரிப்புத் தாங்காமல் கதிரையில் சரிந்தவர், கண்ணைத் துடைத்தபடி நோட்டோடு கமிட்டி அறைக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

"கேட்ட காசுக்கு ஓம் எண்டிட்டினம்! ஆனா ஒண்டு, அடுத்த வருசம் மார்க் போடுறது என்ர மனுசி மாக்கிறேட்!"

தாரிணி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "வருஷம் முழுக்க நான் உங்களுக்கு வெறும் சிக்ஸ்தான்னு நெனச்சு அழுதேம்மா."

"நீ பத்து லா, கண்ணு!"

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள் விமலா. உடனே பேனாவைத் திறந்து, மகளின் ஈரக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.