மில் கயிற்றுச் சாட்டை

பம்பரத்தில் சாட்டையைச் சுற்றுவதற்கு முன்னால் அதன் நுனியை நாக்கில் வைத்து நனைத்துக்கொள்வது வழக்கம். அப்படி நனைக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகளின் நாக்கில் ஒட்டிய கசப்பு மில் எண்ணெயின் கசப்பு. மிஷினுக்கு விடுகிற எண்ணெயும் பஞ்சுத் தூசியும் அதைக் கொண்டுவந்தவளின் கை வியர்வையும் சேர்ந்த அந்தக் கசப்பைத் 'த்தூ' என்று துப்பிவிட்டு, துப்பிய கையோடு மறுபடியும் நனைத்து, ஆணியிலிருந்து மேலே வரிவரியாக இறுக்கிச் சுற்றி எறிந்தால், கட்டை தரையில் இறங்கியதும் 'உய்ங்' என்று ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், அதற்காக எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்றிருக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தின்பதற்கு வேறு அதிகமாக ஒன்றும் இல்லாமலும் இருந்தது.

பழங்காநத்தத்தைத் தாண்டி ஒரு 'வளவு'க்குள் எங்கள் வீடு. வளவு என்றால் எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள், நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அப்பா காலராவில் போய்விட்டார். அம்மா வெள்ளையம்மாள் நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன நூல் மில்லில் வேலை பார்த்தாள். அந்த மில் இப்போது இல்லை, பெயர் எதற்கு? வளவில் எல்லா வீட்டு அடுப்பும் அந்த மில்லை நம்பித்தான் எரிந்தது. சம்பளத்தைவிடப் பெரிது, மில் கடையில் வேலைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்த சகாய விலை அரிசி. வெளியே அரிசிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் மத்தியானம் வெறுங்கையோடு திரும்பிய காலம். மில் வேலை இருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கஞ்சி உண்டு, அது போனால் அதுவும் கிடையாது. ஒன்பது வயதில் எனக்கே இது தெரியும்.

சின்னப் பிள்ளைக்குப் பம்பரம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இன்றைக்குக் கடைக்குப் போகிறவர்கள் கலரைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், கலரா சுற்றப்போகிறது? எங்கள் விளையாட்டு சும்மா சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பதில்லை, அடிதடி. தரையில் வட்டம் போட்டு, தோற்றவன் கட்டையை நடுவில் கிடத்தி, மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதன் மண்டையில் ஓங்கிக் குத்துவார்கள். ஆணி பதிந்த பள்ளத்துக்கு 'ஆக்கர்' என்று பெயர். மரம் இளசாக இருந்தால் ஆக்கர் விழ விழப் பிளந்துபோகும். வைரம் பாய்ந்த கட்டையாக இருந்தால் சின்னக் கையால் எறிய முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேட வேண்டும்.

என் தம்பி முருகேசனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு முதல் கட்டை வாங்க அம்மா எங்கள் இருவரையும் டவுனுக்குள் ஒரு பாய் கடைக்குக் கூட்டிப்போனாள். கூடையில் இருந்ததை எல்லாம் கீழே பரப்பி, ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, அவன் விரல்களுக்குள் அடங்காததை எல்லாம் ஒதுக்கினாள். மிச்சமிருந்ததைக் காதோரம் வைத்துத் தட்டினாள், வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் வழித்துப் பார்த்தாள். பாய் சிரித்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்த கணக்கா பாக்குறீகளே தாயி! எம்புட்டு நேரம்?"

"பொண்ணு சரியில்லைன்னா எப்பிடியும் சமாளிச்சுக்கலாம் பாய். கட்டை தெறிச்சு இவன் கண்ணுல பட்டுச்சுன்னா நான் எங்க போறது?" என்றாள் அம்மா. கடைசியில் ஒரு கொய்யாக் கட்டையை எடுத்தாள்.

கட்டை வாங்கியதோடு வேலை முடியாது. கடை ஆணி ஒப்புக்கு இருப்பது. பெரிய பையன்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பட்டறையில் நீள ஆணி அடித்து, கல்லில் தேய்த்து ஊசியாக்குவார்கள். அம்மா அதற்கு நேர்மாறு. முருகேசனின் ஆணியை ஆட்டுக்கல் விளிம்பில் தேய்த்து 'மொண்ணை' ஆக்கிக் கொடுத்தாள், ஐந்து வயதுப் பிள்ளை முதலில் குத்துவது தன் கால் பெருவிரலைத்தான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு சாட்டை. அதன் ஒரு முனையில் முடிச்சு, மறு முனையில் விரலிடுக்கில் நிற்பதற்கு ஏதாவது ஒன்று. அப்போதுதான் நடுவில் வட்டமாகத் துளை போட்ட ஓட்டைக் காலணா வந்திருந்தது. அது சாட்டையில் கோப்பதற்கென்றே சர்க்கார் அடித்தது என்று நாங்கள் மனப்பூர்வமாக நம்பினோம். தம்பி அதை வாயில் போட்டு விழுங்கிவிடுவான் என்று அம்மா துணியால் ஒரு வளையம் தைத்துக் கோத்தாள்.

சாட்டைதான் பம்பரத்துக்கு உயிர். கடைகளில் கிடைத்ததெல்லாம் சணல். இரண்டு நாளில் பிசிறடித்து, மூன்றாம் நாள் கையிலேயே அறுந்துவிடும். மில்லில் நூல் நூற்கும் கதிர் ஒவ்வொன்றையும் சுழற்றுவதற்கு ஒரு பருத்திக் கயிறு ஓடும். முறுக்கு அவிழாது, வழுக்காது, கட்டையைக் கடித்துப் பிடிக்கும். மில்லின் அடையாளமாக அதன் நடுவில் ஒரு நீல இழை வரும். தேய்ந்து அறுந்த கயிற்றைக் கழிவோடு தள்ளிவிடுவார்கள். பெண்கள் அதில் ஒரு துண்டை எடுத்துச் சோற்றுத் தூக்கின் மூடியைக் கட்டிக்கொண்டு வெளியே வருவார்கள், வாசலில் நிற்கிறவனும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொள்வான். குப்பைக்குப் போகிற கயிறுதானே. எங்கள் வளவில் மில் கயிற்றுச் சாட்டை இல்லாத பிள்ளை கிடையாது.

அந்த வருடம் மில்லில் புதுக் கயிறுகளே காணாமல் போக ஆரம்பித்தன. பெரிய கைகள் கட்டுக் கட்டாக வெளியே விற்றதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். பெரிய கையை யார் பிடிப்பது? வாசலில் பெண்களின் சேலையை உதறச் சொன்னார்கள், தூக்குச்சட்டியைக் கவிழ்க்கச் சொன்னார்கள். மில் கயிறு ஒரு சாண் எவர் வீட்டில் இருந்தாலும் அவருக்கு வேலை கிடையாது என்று உத்தரவும் வந்தது. அன்று சாயங்காலம் வளவில் எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகளிடமிருந்து சாட்டைகளை வாங்கி அடுப்பில் போட்டார்கள். எண்ணெய்க் கயிறு நன்றாக எரிந்தது. நான் அழுதேன், ஆனால் கொடுத்துவிட்டேன்.

சின்னதுகளை என்ன செய்வது என்றுதான் பேச்சு வந்தது. பிடுங்கினால் ஊரைக் கூட்டும். ஏன் என்று சொன்னாலோ, சொன்னதை அப்படியே மில் வாசலில் போய் ஒப்பிக்கும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை, "சின்னதுக விளையாட்டை எவன் வந்து பாக்கப்போறான்? அதுவா பிஞ்சதும் வேற கயிறு குடுத்துக்கிருவோம்" என்றாள். அம்மாவும் சரி என்றாள். அவர்கள் செய்த பிசகு அது ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் அழ வேண்டாம் என்று நினைத்ததை நான் பிசகு என்று சொல்வது எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம், பெண்கள் எல்லோரும் மில்லுக்குள் இருந்த நேரத்தில், அவர்கள் பகுதியை மேற்பார்க்கும் மேஸ்திரி வளவுக்கு வந்தார். எப்போது வந்தாலும் எங்களுக்குக் கடலைமிட்டாய் கொடுக்கிற மனிதர். அன்று மிட்டாயோடு சிவப்பும் பச்சையுமாக அரக்கு பூசிய ஒரு புதுப் பம்பரமும் கையில் இருந்தது. நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் நடந்தது மற்றப் பையன்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

"வாங்கடா வாங்கடா, பம்பரப் போட்டி! யாரு கட்டை ரொம்ப நேரம் தூங்குதோ அவுகளுக்கு இந்தக் கட்டை. பெரிய பயலுக தள்ளிக்கங்க, ஆறு வயசுக்குள்ள உள்ளவுக மட்டுந்தான்!"

பம்பரம் அசையாமல் ஒரே இடத்தில் நின்று சுழல்வதைத்தான் 'தூங்குகிறது' என்போம். குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டையும் சாட்டையுமாக வந்து நின்றன. எல்லாச் சாட்டையும் ஒரே நீளமா என்று பார்க்க வேண்டுமாம். மேஸ்திரி ஒவ்வொன்றாக வாங்கி, வெயிலில் பிடித்து, விரலால் உருவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு குழந்தையின் பம்பரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

நான் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் நுழைந்தபோது மற்றக் கட்டைகள் எல்லாம் சாய்ந்துவிட்டன. முருகேசனின் கொய்யாக் கட்டை மட்டும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எம்புட்டு நல்ல சாட்டை! யாரு ராசா குடுத்தா?"

"எங்கம்மா."

"அம்மா பேரு என்ன?"

"அம்மா பேரு அம்மாதான்."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். "சரி, ஒன்னைய எல்லாரும் யாரு மகன்னு சொல்லுவாக?"

"வெள்ளையம்மா மகன்."

நான் 'டேய்' என்று கத்தினேன். பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மேஸ்திரி சொன்ன சொல் தவறாமல் பரிசைக் கொடுத்தார். நீல இழை இருந்த சாட்டைகளை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்று புதுக் கயிறும் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம். நான் அம்மாவுக்குச் சொல்ல மில் வாசல் வரைக்கும் ஓடினேன். காவல்காரன் உள்ளே விடவில்லை.

சங்கு ஊதி மற்றவர்கள் எல்லாம் வந்த பிறகு, கடைசியாக மூன்று பெண்கள் வந்தார்கள், அம்மா, பாக்கியம் அத்தை, இன்னொருத்தி. மூன்று பேரின் வேலை நம்பர் போட்ட பித்தளை வில்லையையும் மில் கடை அரிசிச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மேஜைமேல் சாட்டைகளைப் பிள்ளைகளின் பெயரோடு அடுக்கி வைத்திருந்தார்களாம். அம்மா வாசலில் கால் வைத்ததும் முருகேசன் ஓடிப்போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"எம்மா, நான் ஜெயிச்சுட்டேன்!"

அவள் அவனைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்தால் விறகுக் கட்டையைத் தேடுகிறவள். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பரிசுப் பம்பரத்தையே பார்த்தாள். பிறகு, "எங்க, சுத்து, அம்மா பாக்குறேன்" என்றாள். அவன் சுற்றினான். "அடேயப்பா, எம் புள்ளை கெட்டிக்காரன்" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பக்கத்து வீட்டில் பாக்கியம் அத்தை தன் மகனை விளக்குமாற்றால் விளாசிக்கொண்டிருந்தாள். "நான் என்ன செஞ்சேன், நான் என்ன செஞ்சேன்" என்று அவன் அலறியது வளவு முழுக்கக் கேட்டது. அம்மா போய் அவள் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா. பச்ச மண்ணு, அதுக்கு என்ன தெரியும்? எதுக்கு அடிக்கிறன்னு அதுக்கு வெளங்கிருச்சுன்னா, ஆயுசு பூரா அதையே நெனச்சு மருகும்."

கிணற்றடியில் கூடி நின்றவர்களிடம், "ஆத்தா மீனாச்சி மேல சத்தியம் பண்ணுங்க, இது எந்தப் பிள்ளை காதுக்கும் போகக்கூடாது" என்றாள். எல்லோரும் செய்தார்கள். என் பக்கம் திரும்பி, "ஒனக்குந்தாண்டா" என்றாள். நானும் செய்தேன்.

வேலையிலிருந்து விரட்டப்பட்டவளை வேறு எந்த மில்லும் சேர்க்கவில்லை. அம்மா ரோட்டுக்குக் கல் சுமந்தாள், அது இல்லாத நாளில் விறகு பொறுக்கி விற்றாள். ஏற்கெனவே பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. இருமல் அவளை விடவில்லை. திருவாதவூரிலிருந்து தாய்மாமன் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, ஒருவனுக்குத்தான் தன்னால் சோறு போட முடியும் என்றார். மாடு மேய்க்கிற வயதில் நான் இருந்ததால் என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, நான் படித்தேன். முருகேசனை ஒரு காப்பிக் கடையில் கிளாஸ் கழுவ விட்டார்கள். எட்டாத தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு ஏறி நின்று கழுவினான். பள்ளிக்கூடத்தின் வாசலை அவன் மிதித்ததே இல்லை. யுத்தம் முடிவதற்குள் அம்மா முடிந்துவிட்டாள். இருமலால்தான் மில்லை விட்டு நின்றதாகவே அவனிடம் கடைசி வரைக்கும் சொன்னாள்.

மில் இருந்த இடத்தில் இன்று வீட்டு மனைகள். சங்கு இல்லை, வளவு இல்லை, கிணற்றைத் தூர்த்து மேலே ஒரு மாவு மில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் பேரனுக்குப் பம்பரம் கேட்டேன். கடைக்காரர் பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், ஆணியும் கிடையாது, சாட்டையும் கிடையாது, பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. நல்லதுதான், யார் காலையும் குத்தாது. கிணற்றடியில் சத்தியம் செய்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்.

முருகேசன் ஆனையூரில் மகன் வீட்டில் இருக்கிறான். ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவன், இப்போது முதுகு நிமிராது. ஆனால் பேரன் பேத்திகளைச் சுற்றி உட்காரவைத்து, அந்தப் போட்டியில் தான் ஜெயித்த கதையைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசு அது. "அந்த மேஸ்திரி மாதிரி தங்கமான மனுசன் இப்ப எவன் இருக்கான்? என்னண்ணே, நீ சொல்லு" என்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன்.

தம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எழுதியது எதில் வந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "எங்கண்ணே எழுதுனது, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று நீட்டுவான். ஆனையூர்ப் பக்கம் முதுகு வளைந்த ஒரு கிழவர் உங்களிடம் இந்தப் பக்கத்தை நீட்டினால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.