ஜெபம் செய்யாமல் உட்கார்ந்திருந்த ஐயா

போன வியாழக்கிழமை காலை, பனியன் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் யூனிட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். ஆயர் வீட்டிலிருந்து வரிசையாக அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். ஆயரம்மா எடுத்தார். “செல்வம், ஐயா எந்திரிக்கலப்பா,” என்றார். தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

எங்கள் சபை ஆயர் ஞானதாஸ் ஐயாவைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருப்பூருக்கு வந்தவர். வந்த புதிதில் சபையார் வீடுகளைச் சந்திக்கப் போய்ப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினார். இந்த ஊரில் பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? பிறகு இடைவேளை நேரம் பார்த்து, பனியன் கம்பெனி வாசல் டீக்கடைகளில் போய் நிற்க ஆரம்பித்தார். “ஏ, பஜ்ஜியக் கீழ வச்சிட்டுக் கண்ண மூடுல, ஒரு நிமிசம்தான்,” என்பார். வடையும் கையுமாக ஜெபித்தவர்கள் எங்கள் சபையில் நிறையப் பேர். சபைச் செயலாளர் என்ற முறையில், அவரோடு நான் மல்லுக்கட்டாத கமிட்டிக் கூட்டம் கிடையாது. அவர் பிடிவாதக்காரர். நானும் அப்படித்தான்.

அடக்க ஆராதனைப் பிரசங்கம் என்றால் அக்கம்பக்கத்துச் சபைகளும் அவரைத்தான் தேடும். வயதானவர்கள் இறந்தால் அவர்களுடைய குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கக்கூட வைப்பார். இளவயதுச் சாவுக்கு ஒரு பூக்கதை வைத்திருந்தார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் மாலையில் உலாவ வருவார். இருப்பதிலேயே அழகான பூவைத் தனக்கென்று பறித்துக்கொள்வார். ஏன் பறித்தீர் என்று நாம் கேட்கலாமா? எத்தனையோ சவப்பெட்டிகளின் முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் ஆறுதல் அடைந்தார்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஜோயல் இறந்தபோதும் அதே கதையைத்தான் எடுத்தார். ஜோயல் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். எங்கள் பாடகர் குழுவில் பின்வரிசை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு பைக்கில் வந்தவன், ஊத்துக்குளி ரோட்டில் கண் அசந்து, நின்றிருந்த லாரியில் மோதிவிட்டான். கணவரை இழந்த ரோஸ்மேரி அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. கம்பெனி மேனேஜர் பெரிய மாலையோடு வந்து பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேலையாட்களுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் கொடுத்துக் கூட்டி வந்திருந்ததால், அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பூவைப் பறிக்கும் இடத்துக்கு ஐயா வந்ததும், பெட்டியருகே உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார்.

“நிறுத்துங்கய்யா. பூவ யாருங்க பறிச்சா? ஷிப்மென்ட்டு ஷிப்மென்ட்டுன்னு வாரம் பூரா என்ற பையனத் தூங்க உடலீங்க. பழிய ஏனுங்க ஆண்டவரு மேல போடறீங்க?”

ஐயா மைக்கைப் பிடித்தபடி நின்றார். “நீங்க சொல்றதுதாம்மா சரி,” என்று வேதத்தை மூடினார். மேனேஜர் எழுந்து வெளியே போனார். வேலையாட்களும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். போகாவிட்டால் மறுநாள் வேலை இருக்காது. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஜோயலைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அதன் பிறகு ஐயா அந்தக் கதையை எங்கும் சொல்லவில்லை. இளவயதுச் சாவு என்றால், அந்தப் பிள்ளை எப்படி இறந்தது என்பதை உள்ளபடி சொல்வார். சாயப்பட்டறைத் தொட்டியின் விஷவாயு என்றால் விஷவாயு, லீவு கிடைக்காமல் முற்றிய காய்ச்சல் என்றால் காய்ச்சல். பிறகு, “ஆண்டவர் ஏன் தடுக்கலைன்னு எனக்குத் தெரியாது,” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். பெரிய இடத்து வீடுகள் வேறு ஆயரை அழைத்துக்கொண்டன. கமிட்டியில் நானே கத்தினேன்: “சனங்க ஆறுதலுக்கு வர்றாங்க, நீங்க போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் படிக்கிறீங்களேய்யா!”

“ஆறுதல் சொல்லிச் சொல்லியேதானடே இத்தன பிள்ளைகளப் பொதச்சோம்,” என்றார். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அக்கா கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டார். ஐயா என்னையும் அழைத்துக்கொண்டு அவருடைய லைன் வீட்டுக்குப் போனார். அக்கா நாற்காலி போட்டு, டீ கொடுத்தார். கிளம்பும் நேரம் ஐயா வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஜெபம் என்றால் எங்கள் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். அக்கா போடவில்லை.

“எப்ப வேணாலும் வாங்க, உக்காருங்க. ஜெபம் மட்டும் வேண்டாங்கய்யா.”

ஓர் ஆயர் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டு ஜெபிக்காமல் போவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஐயா தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் அங்கே போவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார், வந்துவிடுவார். ஒருமுறை திரும்பி வரும்போது, “அந்தம்மா என்னிக்காவது தலைய மூடுவாங்களாடே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு அடக்க ஆராதனை. வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்து நிறையப் பேசினார்கள். ரோஸ்மேரி அக்கா வந்து பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். யாரென்று தெரியாத ஒரு போதகர் குனிந்து, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். “வேண்டாங்க. ஐயா என்ற ஊட்ல இப்படித்தானுங்க உக்காந்திருப்பாரு,” என்றார் அக்கா.

மூடியை எடுத்து வந்தார்கள். ஆயரம்மா உடைந்த குரலில் தானே ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள், நான் மூடவில்லை. அக்கா பெட்டியைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆமென் சொன்னதும் மூடி இறங்கியது.

ஐயா, அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கேட்கத்தான் நீங்கள் இல்லை. போய் வாருங்கள்.